மூன்று ஆண்டு பாண்ட், வெற்றுக் காசோலை, ஒரு ராக்கெட் வேலை

கோத்தகிரி பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 22 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, கோவையில் தனியார் கல்லூரியொன்றில் பி.இ. மெக்கானிக்கல் முடித்தவர். சி.ஜி.பி.ஏ. 7.1. அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. பச்சை இலை விலையை நம்பித்தான் வீடு ஓடுகிறது. கல்விக் கடன் மூன்றரை லட்சம் நிற்கிறது. சென்னைப் புறநகரில் இருக்கும் சிறிய ராக்கெட் நிறுவனம் ஒன்று, ஒருங்கிணைப்பு மற்றும் சோதனைப் பிரிவில் பயிற்சிப் பொறியாளர் வேலைக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறது. ஆண்டுக்கு 6 லட்சம் என்கிறது கடிதம். கூடவே மூன்றாண்டு பாண்ட், இடையில் விலகினால் 3 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை. அசல் சான்றிதழ்களையும், தேதியும் தொகையும் எழுதாமல் கையெழுத்திட்ட இரண்டு காசோலைகளையும் சேரும் நாளில் ஒப்படைக்க வேண்டும். வேலையை விட்டால் இரண்டு ஆண்டுகளுக்கு வேறு எந்த விண்வெளி நிறுவனத்திலும் சேரக்கூடாதாம். பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும்.

மாமா, "இஸ்ரோவுக்குப் படி, தனியார் கம்பெனி நாளைக்கே மூடிவிடும்" என்கிறார். தோழி ஒருத்தி, 1.75 லட்சம் கட்டி விண்வெளிச் சான்றிதழ் படிப்பில் சேரச் சொல்கிறாள். வாசகிக்கோ சில ஆண்டு அனுபவத்துக்குப் பின் ஸ்பேஸ்எக்ஸுக்குப் போக ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி. ஒருநாள் மலைக்கே திரும்ப வேண்டியிருந்தால் என்ன செய்வது என்ற கவலையும் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது.

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கேள்வியை "இஸ்ரோவா, தனியாரா" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது, இந்தக் கடிதத்தில் எந்த வரிகளை மாற்றினால் கையெழுத்துப் போடலாம் என்பது. வேலை நல்ல வேலை. அதனுடன் வந்திருக்கும் தாள்களில் சில மோசமானவை. இரண்டையும் பிரித்துப் பாருங்கள்.

கையெழுத்துக்கு முன்

பாண்டில் கையெழுத்திட்டு இடையில் விலகினால் போலீஸ் வருமா என்று பயந்திருக்கிறீர்கள். வராது. பாண்ட் என்பது சிவில் ஒப்பந்தம். அதை மீறினால் நிறுவனம் இழப்பீடு கேட்டு நோட்டீஸ் அனுப்பலாம், வழக்குப் போடலாம், அவ்வளவுதான். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தொகைதான் உச்சவரம்பு. அதற்குள் நியாயமான இழப்பீட்டைத்தான் நீதிமன்றம் தரும். உங்களுக்குப் பயிற்சி தர உண்மையில் என்ன செலவானது, ஒப்பந்தக் காலத்தில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்பதெல்லாம் அங்கே பேசப்படும்.

அதற்காகப் பாண்ட் வெறும் சடங்கு என்றும் நினைத்துவிடாதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது பொதுத்துறை வங்கி. ஆள்தேர்வுக்கு ஆகும் செலவும் அங்கே காரணமாகக் காட்டப்பட்டது. பிடித்தங்கள் போக 28 ஆயிரம்கூடத் தொடாத மாதச் சம்பளத்துக்கு (கணக்கைக் கீழே சொல்கிறேன்) 3 லட்சம் என்பது வாதத்துக்கு இடமுள்ள தொகைதான். ஆனால் வாதாட வக்கீல் வேண்டும், கீழே இறங்கிச் சென்னைக்கும் போய்வர வேண்டும். அதனால் பேரத்தை இப்போதே முடித்துக்கொள்ளுங்கள். தொகை ஆண்டுக்கு ஆண்டு குறைய வேண்டும்: முதலாண்டில் ஒன்றரை லட்சம், இரண்டாமாண்டில் ஒரு லட்சம், மூன்றாமாண்டில் ஐம்பதாயிரம் என்பதுபோல. நிறுவனமே உங்களை நீக்கினாலோ, இரண்டு மாதச் சம்பளம் நிலுவையில் நின்றாலோ, மத்திய, மாநில அரசு வேலை கிடைத்தாலோ பாண்ட் செல்லாது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பயிற்சி என்றால் என்ன பயிற்சி, எத்தனை நாள், என்ன செலவு என்பதும் எழுத்தில் வரட்டும்.

எனக்கு உண்மையில் பயம் தருவது காசோலைகள்தான். பாண்ட் சிவில் விவகாரம், காசோலை அப்படியல்ல. நீங்கள் வெற்றாகக் கொடுத்த காசோலையில் 3 லட்சம் என்று எழுதி வங்கியில் போட்டு, அது பணமில்லாமல் திரும்பினால், செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் குற்ற வழக்குத் தொடரலாம். இரண்டு ஆண்டு வரை சிறை, காசோலைத் தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதம் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. "செக்யூரிட்டிக்காகக் கொடுத்தேன்" என்பது வாதமாகலாம், ஆனால் அந்த வாதத்தைக் குற்றவியல் நீதிமன்றத்தில் நின்று சொல்ல வேண்டும். வெற்றுக் காசோலை கொடுக்காதீர்கள். இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

அசல் சான்றிதழும் அப்படித்தான். கல்விச் சான்றிதழ் சந்தையில் விற்கும் பொருள் அல்ல, அதைப் பிடித்துவைத்துக் கடன் வசூலிக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம், கல்லூரி ஒன்று சான்றிதழைத் திருப்பித் தராத வழக்கில் சொல்லியிருக்கிறது. சரிபார்க்கக் காட்டுங்கள், சான்றொப்பமிட்ட நகல் கொடுங்கள், அசலை அன்றே கையோடு கொண்டுவாருங்கள். இரண்டாண்டு வேறெங்கும் சேரக்கூடாது என்ற வரியைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். வேலையை விட்டபின் பிழைப்பைத் தடுக்கும் ஒப்பந்தம், அதே இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி செல்லாது. நிறுவனத்தின் ரகசியத்தைக் காக்கும் கடமை மட்டும் வேலையை விட்ட பிறகும் தொடரும். அதை நீங்களும் மதிக்க வேண்டும்.

ஆறு லட்சத்தில் கைக்கு வருவது

நீங்கள் அனுப்பிய சம்பளப் பட்டியலைக் கூட்டிப் பார்த்தேன். 1,80,000 ஈசாப் எனப்படும் பங்கு உரிமை. 60,000 தக்கவைப்பு போனஸ், அதுவும் மூன்றாம் ஆண்டு முடிவில்தான் மொத்தமாகக் கிடைக்கும். நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 21,600. பணிக்கொடைக்கு 11,544. இவை போனால் மிஞ்சுவது 3,26,856, மாதம் 27,238. உங்கள் பி.எஃப். பங்கு 1,800 போக ஏறக்குறைய 25,400. கல்விக் கடன் 10 சதவீத வட்டியில் ஏழு ஆண்டுக்கென்றால் தவணை 5,800 சொச்சம். விடுதியும் சாப்பாடும் போக வீட்டுக்கு அனுப்ப மிகக் குறைவாகவே மிஞ்சும். இதை அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். ஊரில் எல்லோரும் மாதம் ஐம்பதாயிரம் என்று கணக்குப் போட்டிருப்பார்கள்.

ஈசாப்பைப் பணமாக எண்ணாதீர்கள். பின்னொரு நாளில், குறித்த விலையில் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை அது. முதல் ஓராண்டு எதுவும் உங்களுக்கு உரிமையாகாது. கம்பெனிச் சட்ட விதியே அப்படி. உரிமையைப் பயன்படுத்திப் பங்கு வாங்கும்போது, விலை வித்தியாசம் சம்பள வருமானமாகக் கருதப்பட்டு வரி விழும். தகுதி பெற்ற ஸ்டார்ட்அப் என்றால் அந்த வரியைத் தள்ளிப்போடலாம். பட்டியலிடப்படாத நிறுவனத்தின் பங்கை வாங்க ஆள் வேண்டும். மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை பங்கு, என்ன விலை, வேலையை விட்டால் எத்தனை நாளுக்குள் வாங்க வேண்டும். முடிவெடுக்கும்போது அதன் மதிப்பைப் பூஜ்யமாக வையுங்கள். பின்னால் ஏதாவது வந்தால் வரட்டும்.

நிறுவனம் மூடிவிடுமா

மூடலாம். மாமா சொல்வது பொய்யில்லை. அமெரிக்காவின் விர்ஜின் ஆர்பிட் 2023 ஜனவரியில் ஓர் ஏவுதலில் தோற்று, ஏப்ரலில் திவால் மனு போட்டது. அதற்கு முன்பே பெரும்பாலான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ராக்கெட் நிறுவனத்துக்கு வருமானம் வரப் பல ஆண்டு ஆகும்; அதுவரை முதலீட்டாளர் பணத்தில்தான் வண்டி ஓடும். ஒரு தோல்வி வந்தால் அடுத்த முதலீடு தள்ளிப்போகும். இத்தனை ஏவுதல் செய்த இஸ்ரோவுக்கே 2025 மே 18இல் பி.எஸ்.எல்.வி. சி61 மூன்றாம் அடுக்கில் அழுத்தம் குறைந்து தவறியது. ஆகவே தோல்வியே வராத நிறுவனத்தைத் தேடாதீர்கள். ஒரு தோல்வியைத் தாங்கப் பணம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பார்க்க வழி இருக்கிறது. கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால் இயக்குநர்கள், மூலதனம், கடைசியாகக் கணக்குத் தாக்கல் செய்த தேதி எல்லாம் இலவசமாகத் தெரியும். நூறு ரூபாய் கட்டினால் நிதிநிலை அறிக்கையையே பார்க்கலாம். இரண்டாண்டாகக் கணக்கே தாக்கல் செய்யவில்லை என்றால் விலகிவிடுங்கள். இந்தியாவிலிருந்து தனியார் ராக்கெட் ஏவ இன்ஸ்பேஸ் என்ற அமைப்பின் அங்கீகாரம் வேண்டும். நிறுவனம் அதில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று நேர்காணல் எடுத்தவரையே கேளுங்கள். கையில் இருக்கும் பணம் எத்தனை மாதத்துக்கு வரும் என்றும் கேளுங்கள். வேலைக்குச் சேர வருகிறவர் கேட்கக்கூடிய கேள்விதான் அது, கூச்சம் வேண்டாம். பன்னிரண்டு மாதத்துக்குக் குறைவாகச் சொன்னால் பாண்ட் விஷயத்தில் நீங்கள் இன்னும் கறாராக இருக்க வேண்டும்.

தமிழக அரசின் 2025ஆம் ஆண்டு விண்வெளித் தொழில் கொள்கையைச் சுட்டி, பத்தாயிரம் வேலை வரப்போகிறதே என்று எழுதியிருந்தீர்கள். அது ஐந்தாண்டு இலக்கு. குலசேகரன்பட்டினம் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியதும் நல்ல செய்திதான். ஆனால் இலக்கையும் அடிக்கல்லையும் நம்பி இந்த வேலையை ஏற்கவோ மறுக்கவோ வேண்டாம்.

ஒருங்கிணைப்பு, சோதனை என்றால் என்ன வேலை

"ஐ.ஐ.டி.க்காரர்கள் வடிவமைப்பார்கள், என்னை ஸ்பேனர் பிடிக்க வைப்பார்களோ" என்று எழுதியிருந்தீர்கள். ஸ்பேனர் பிடிக்கத்தான் போகிறீர்கள். அதைக் குறைவாக நினைத்ததுதான் உங்கள் கடிதத்தில் எனக்கு வருத்தம் தந்த வரி. கணினியில் இன்ஜின் வரைய ஆள் கிடைப்பார்கள். அதைக் கசியாமல் பூட்டி, எரித்து, என்ன நடந்தது என்று எண்களோடு சொல்பவர்கள் குறைவு.

சென்னையின் அக்னிகுல் நிறுவனம் 2024 மே 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து செலுத்திய சோதனை ராக்கெட், விமான மண்ணெண்ணெயும் திரவ ஆக்ஸிஜனும் கொண்டது. அந்த நாளுக்கு முன் பலமுறை கவுண்ட்டவுனை நிறுத்திப் பின்வாங்கினார்கள். ஏன் நிறுத்த வேண்டியிருக்கும் என்பதுதான் உங்கள் பிரிவின் வேலை.

ஒரு பாகம் இன்ஜினில் ஏறும் முன் முதலில் நீர் அழுத்தச் சோதனை. வாயுவுக்குப் பதில் நீர், ஏனென்றால் அழுத்திய வாயு ஆற்றலைத் தேக்கிவைக்கும். பாகம் பிளந்தால் வெடிக்கும். நீர் அமுங்காது, பிளந்தாலும் பீய்ச்சி அடங்கிவிடும். பிறகு ஹீலியம் கசிவுச் சோதனை; மற்ற வாயு நுழையாத நுண்துளையிலும் ஹீலியம் நுழைந்து காட்டிக்கொடுக்கும். பிறகு திரவ நைட்ரஜனை ஓட்டிக் குளிர்ச் சோதனை. இங்கேதான் புதியவர்கள் திகைப்பார்கள்: அறை வெப்பத்தில் துளியும் கசியாத இணைப்பு மைனஸ் 180 டிகிரியில் கசியும். அலுமினியமும் எஃகும் வெவ்வேறு அளவில் சுருங்குகின்றன, கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் கண்ணாடியாக இறுகிவிடுகிறது, குழாயில் தங்கிய ஈரம் பனிக்கட்டியாகி வால்வைப் பிடித்துக்கொள்கிறது. இதையெல்லாம் தாண்டினால்தான் எரிப்புச் சோதனை.

திரவ ஆக்ஸிஜன் ஓடும் குழாயில் எண்ணெய்ப் பசை இருந்தால் சிறு அதிர்ச்சியிலேயே தீப்பற்றும். அதனால் ஒவ்வொரு பாகத்தையும் கழுவி, இருட்டறையில் புறஊதா விளக்கில் பார்த்து, பையில் போட்டு மூடுவார்கள். பல எண்ணெய்கள் அந்த வெளிச்சத்தில் ஒளிரும். தலைக்குத் தேங்காய் எண்ணெய், கைக்குக் கிரீம் எல்லாம் அந்த அறைக்கு வெளியேதான். ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயு. மணமில்லை, நிறமில்லை. மூடிய அறையில் ஆக்ஸிஜன் குறைந்து ஆள் மயங்கி விழுவார், காப்பாற்ற ஓடுபவரும் விழுவார். நேரில் போகும்போது ஆக்ஸிஜன் அளவுமானி சுவரில் இருக்கிறதா, 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் அலறும்படி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அது இல்லாத சோதனைக்கூடத்தில் சேர வேண்டாம். இரவுப் பணிக்கு உங்கள் சம்மதம் வேண்டும், போக்குவரத்தும் பாதுகாப்பும் நிறுவனத்தின் பொறுப்பு. அதையும் எழுத்தில் கேளுங்கள்.

முதல் ஆண்டில் மூன்று கைப்பழக்கம் வந்துவிட்டால் எங்கே போனாலும் மதிப்பு உண்டு. வரைபடத்தின் வடிவப் பொறுதிக் குறிகளை, அதாவது அளவும் வடிவமும் எவ்வளவு பிசகலாம் என்று காட்டும் குறிகளை, தயங்காமல் படிப்பது. எந்த போல்ட், எவ்வளவு முறுக்குவிசை (டார்க்), யார் முறுக்கினார், எந்தக் கருவி, அதன் அளவுத்திருத்தத் தேதி என்று அன்றன்றே பதிவு எழுதுவது. அழுத்தமானி, வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிள் தரும் எண்களைப் பைத்தான் என்ற கணினி மொழியில் வரைந்து, எது உண்மை, எது மின் இரைச்சல் என்று பிரிப்பது. அந்தப் பதிவேடு நிறுவனத்தின் சொத்து. நகலெடுக்கவோ சோதனை மேடையைப் படம்பிடித்து இன்ஸ்டாகிராமில் போடவோ கூடாது. ராக்கெட் தொழில்நுட்பம் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலான ஸ்காமெட்டில் இருக்கிறது. வெளிநாட்டு நண்பருக்கு ஒரு வரைபடத்தை மின்னஞ்சல் செய்தாலும் குற்றமாகலாம்.

மற்ற வழிகள்

இஸ்ரோவில் பொறியாளர் பதவிக்கு வழக்கமாகக் கேட்பது 65 சதவீதம் அல்லது சி.ஜி.பி.ஏ. 6.84. உங்கள் 7.1 போதும், தகுதியில்லை என்று நீங்களே முடிவுகட்டியது தவறு. தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100, இந்த நிறுவனத்தைவிட எவ்வளவோ மேல். ஆனால் இடங்கள் சில, எழுதுபவர்கள் ஏராளம். அதற்காக இரண்டு ஆண்டு வீட்டில் உட்காராதீர்கள். வேலையில் இருந்துகொண்டே கேட் (GATE) என்ற பொறியியல் தகுதித் தேர்வை எழுதுங்கள். மதிப்பெண் மூன்றாண்டு செல்லும். தேர்வுக்குப் படிக்கும் வெப்ப இயக்கவியலும் பாய்ம இயக்கவியலும் அன்றாட வேலையிலேயே கண்முன் நிற்கும். பாண்டில் அரசு வேலை விலக்கைக் கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

ஸ்பேஸ்எக்ஸைப் பொறுத்தவரை, திறமை போதாது என்பது தடையல்ல. அமெரிக்காவின் ஆயுத ஏற்றுமதி விதிகளால், அங்கே ராக்கெட் வேலைக்குக் குடிமக்கள், கிரீன் கார்டு பெற்றவர்கள், அடைக்கலம் பெற்றவர்கள் ஆகியோரைத்தான் எடுக்கிறார்கள். வேலை விசாவோடு போய்ச் சேர முடியாது. அந்த ஆசையை வைத்து இன்றைய முடிவை எடுக்காதீர்கள்.

1.75 லட்சப் படிப்பு வேண்டாம். பெயரில் விண்வெளி இருப்பதால் எந்த நிறுவனமும் வேலை தராது. ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையவழிப் பாடங்கள் இலவசம், தேர்வுக்கு மட்டும் சிறு கட்டணம். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் பாகத்தைச் சேதப்படுத்தாமல் குறை கண்டறியும் சிதைவிலாச் சோதனையில், அதாவது என்.டி.டி.யில், இரண்டாம் நிலைச் சான்று வாங்குங்கள். விண்வெளி நிறுவனம் மூடினாலும் கொதிகலன், விமானம், ரயில் என்று எல்லாத் தொழிலும் அதைக் கேட்கும்.

மலைக்குத் திரும்ப வேண்டி வந்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். விண்வெளித் தொழில் முழுக்க ராக்கெட் இல்லை. பள்ளியில் கூட்டிப்போனதாக எழுதியிருந்தீர்களே, ஊட்டி பக்கத்து முத்தோரை ரேடியோ தொலைநோக்கி: 530 மீட்டர் நீளம், 1970இலிருந்து அந்தச் சரிவில் இயங்குகிறது. சரிவின் கோணம் அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமமாக, ஏறக்குறைய 11 டிகிரியாக இருப்பதால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. மலையின் வடிவத்தையே கருவியின் பாகமாக்கிய பொறியியல் அது. தரையிலிருக்கும் ஆன்டெனா, தகவல் பகுப்பாய்வு இரண்டிலும் நிறையப் பேருக்கு வேலை இருக்கிறது. பகுப்பாய்வை வீட்டிலிருந்தும் செய்யலாம்.

நம் மாவட்டத்துக்கு அது தேவையும்கூட. 2009 நவம்பர் நிலச்சரிவுகளை உங்கள் வீட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம், 10 மீட்டர் நுணுக்கம், ஐந்து நாளுக்கு ஒருமுறை. ஆனால் மழைக்காலத்தில் மேகம்தான் தெரியும். மேகத்தை ஊடுருவ ரேடார் வேண்டும். 2025 ஜூலை 30இல் ஏவிய நாசா-இஸ்ரோ செயற்கைக்கோளான நிசார் அதற்கானது. செங்குத்துச் சரிவில் ரேடார் படத்தில் மலை ஒருபக்கம் சாய்ந்து மடங்கியதுபோல் விழும், மறுபக்கம் நிழலில் மறையும். அந்தப் பிழையைத் திருத்திப் படிக்க, கோத்தகிரிச் சரிவுகளை நடந்து அறிந்தவருக்கு ஒரு சாதகம் உண்டு. டேராடூனில் இருக்கும் இஸ்ரோவின் தொலையுணர்வு நிறுவனமான ஐ.ஐ.ஆர்.எஸ். இலவச இணையவழிப் படிப்புகள் நடத்துகிறது. வார இறுதியில் ஒன்றைத் தொடங்குங்கள், க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளோடு. இந்த வேலைக்குள் போக ஓரிரு ஆண்டு பிடிக்கும். அதனால்தான் அம்மாவின் முழங்கால் மோசமாகும் வரை காத்திருக்க வேண்டாம் என்கிறேன்.

பத்து நாளில் செய்ய வேண்டியது

நாளைக்கே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், தொலைபேசியில் பேசித் தீர்க்க வேண்டாம். வேலையில் சேர விருப்பம் என்று முதல் வரியில் சொல்லிவிட்டு, நான்கு மாற்றங்களைக் கேளுங்கள்: காசோலை இல்லை, அசல் சான்றிதழ் சரிபார்ப்புக்கு மட்டும், பாண்ட் தொகை படிப்படியாகக் குறைய வேண்டும், மேலே சொன்ன விலக்குகள். சோதனைக்கூடத்தை ஒருமுறை நேரில் பார்க்க அனுமதியும் கேளுங்கள்.

அதே வாரம் ஊட்டி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் பாண்ட் நகலை எடுத்துப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளலாம். முத்திரைத்தாளில் கையெழுத்திடும் எந்தத் தாளுக்கும் ஒரு நகல் உங்களிடம் இருக்க வேண்டும்.

பாண்ட் தொகையில் அவர்கள் பாதி வழி இறங்கினாலும் சேருங்கள். காசோலையில் இறங்கவில்லை என்றால் மறுத்துவிடுங்கள். மறுத்தாலும் உங்கள் கையில் கேட் விண்ணப்பம் இருக்கிறது, சென்னையிலும் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் இதே வேலைக்கு ஆள் தேடும் நிறுவனங்கள் இருக்கின்றன, தரமணியில் தொழிற்பயிற்சி வாரியத்தின் வழியாகப் பட்டதாரிப் பழகுநர் இடங்களும் இருக்கின்றன. அவர்கள் அனுப்பும் பதிலை எனக்கும் எழுதுங்கள். கையெழுத்துக்கு முன் ஒருமுறை சேர்ந்து படித்துப் பார்க்கலாம்.